வால்டெமார் ஹாப்கின்

தாம் கண்ட மருந்தைப் பிறர்க்கு ஈயுமுன் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்த அறிஞர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் வால்டெமார் ஹாப்கின் என்பார்.

இவர் 1860ஆம் ஆண்டில், அந்நாளில் ருஷ்யப் பேரரசின்கண் அமைந்திருந்த ஒடெசா நகரில் யூதக் குடியில் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகாவ் என்னும் பேராசிரியரிடம் உயிர்நூல் பயின்றார். யூதராகப் பிறந்த காரணத்தால் அங்கு உயர்பதவி அவர்க்கு எட்டாதாயிற்று. ஆதலின் நாடு நீங்கிப் பாரிஸ் நகரை அடைந்து, பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் பணியேற்றார். பணி சிறிதாயினும் அவர்தம் ஆராய்ச்சி வேட்கை சிறுகவில்லை. நாளடைவில் அங்கேயே ஆராய்ச்சியில் ஈடுபட்டு, வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கண்டு, 1892 ஜூலை 18ஆம் நாள் அதனைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார்.

மறு ஆண்டில் அவர் இந்தியாவிற்கு வந்து, கல்கத்தா முதலிய இடங்களில் பல்லாயிரவர்க்கு அம்மருந்தை ஊசி வழி ஏற்றினார். 1896இல் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிற்றறையொன்றை ஆய்வுக்கூடமாகக் கொண்டு ஹாப்கின் இரவு பகலாக உழைத்தார். சில திங்களுள் மருந்து உருவாயிற்று. 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனையும் முதற்கண் தாமே ஏற்றுக்கொண்டார்.

புகழின் உச்சியில் இருந்தவரைப் பெரும்பழி ஒன்று வந்து சூழ்ந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. அவருள், ஒரே புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேர் தனுர்வாதம் கண்டு மாண்டனர். மருந்து ஆய்வுக்கூடத்திலேயே மாசுற்றது என்றனர் விசாரணையாளர். ஹாப்கின் பணியினின்று விலக்கப்பட்டார்.

உண்மை யாது? அவ்வூரில் புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்தது. அதனைத் தீயிற் காட்டித் தூய்மை செய்யாமல், கிருமிநாசினி நீரில் தோய்த்த அளவோடு அவர் தக்கையைப் பிடுங்கினார். தனுர்வாதக் கிருமியின் உறைவிடம் மண்ணன்றோ! அன்றியும், அக்கிருமி புட்டியினுள் பன்னாள் வளர்ந்திருப்பின் தீநாற்றம் வீசியிருக்கும். திறந்தபோது அத்தகைய நாற்றம் இருந்திலது. இவற்றை எடுத்துக்காட்டி, ரொனால்ட் ராஸ் முதலான அறிஞர்கள் அவர் பொருட்டு வாதாடினர். 1907இல் பழி நீங்கிற்று. ஹாப்கின் மீண்டும் கல்கத்தாவில் பணியேற்றார். 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடம் அவர் பெயரைப் பூண்டது. 1930இல் அவர் சுவிட்சர்லாந்தில் உயிர் நீத்தார்.

மாணவர்களே! மண்ணில் விழுந்த ஓர் இடுக்கியைச் சிறிதென எண்ணியதால் 19 உயிர்கள் மாய்ந்தன. மாபெரும் அறிஞர் ஒருவர் ஐந்தாண்டுக் காலம் பழி சுமந்தார். நாளை ஆய்வுக்கூடத்துட் புகும் நீங்கள், அங்கே சிறிதென ஒதுக்கத்தக்கது யாதொன்றும் இல்லை என்பதை நெஞ்சிற் பதித்துக்கொள்வீர்களாக.