படம் எடுப்பவருக்கு என்ன வேலை? செங்கல்பட்டில் படித்து பட அதிபர் ஆன டைரக்டர் ஸ்ரீதர்

செங்கல்பட்டு:-

மாமல்லபுரம் கடற்கரையில் சினிமா படப்பிடிப்பு என்றால் கூட்டம் கூடிவிடும். நடிகர் யார், நடிகை யார் என்று எல்லோருக்கும் தெரியும். சத்தம் போட்டு வேலை வாங்குகிறவர் டைரக்டர் என்று சின்னப் பையன்கூட சொல்லி விடுவான். ஆனால் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, மேகம் வருகிறதா என்று வானத்தையே பார்த்தபடி ஒருவர் நிற்பார். அவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அவர்தான் பட அதிபர். வெயில் போய்விட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

பட அதிபர் என்றால் பணம் போடுகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதி என்ன என்று தெரிய வேண்டுமானால் இந்த மாவட்டத்துக்காரர் ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் போதும். அவர் டைரக்டர் ஸ்ரீதர்.

சித்தாமூர் பையன்

மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர்தான் ஸ்ரீதரின் சொந்த ஊர். 1933-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி பிறந்தார். பள்ளிப் படிப்பு செங்கல்பட்டில். அங்கே கூடப் படித்தவர் சடகோபன். பின்னாளில் சித்ராலயா கோபு என்று பெயர் வாங்கியவர் இவர்தான்.

இருவருக்கும் நாடகப் பைத்தியம். அழுகிற கட்டத்தை ஸ்ரீதர் எழுதுவார். சிரிக்கிற கட்டத்தை கோபு எழுதுவார். அந்தக் கூட்டு பள்ளிக்கூடத்தோடு முடியவில்லை. கோடம்பாக்கம் வரை போயிற்று.

ஸ்ரீதர் எழுதிய "ரத்த பாசம்" டி.கே.எஸ். சகோதரர்களின் கைக்குப் போய் மேடை ஏறியது. 1954-ல் சினிமாவாகவும் வந்தது. அப்போது அவருக்கு 20, 21 வயதுதான். அதே ஆண்டில் "எதிர்பாராதது". அடுத்து 1956-ல் "அமரதீபம்", 1958-ல் "உத்தமபுத்திரன்". சிவாஜி கணேசன் நடித்த பெரிய படங்களுக்கு கதை-வசனம் இந்தச் செங்கல்பட்டு வாலிபர்!

பங்குதாரர் ஆனார்

எழுத்தாளர் கூலியோடு அவர் நிற்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து வீனஸ் பிக்சர்ஸ் கம்பெனியில் பங்குதாரர் ஆனார். அந்தக் கம்பெனிக்காக 1959-ல் "கல்யாணப்பரிசு" படத்தை டைரக்ட் செய்தார். முதல் படமே பெரிய வெற்றி.

பட அதிபரின் வேலை என்ன என்பதை அவர் பழகிக்கொண்ட இடம் இதுதான்.

கதையைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. பைனான்சியரிடம் வட்டிக்குப் பணம் வாங்குவது அவர் வேலை. நடிகரின் கால்ஷீட், ஸ்டூடியோ வாடகை, சாப்பாடு, பேட்டா எல்லாம் அவர் தலையில். ஒருநாள் படப்பிடிப்பு நின்றாலும் வட்டி நிற்காது.

படம் முடிந்ததும் வேலை முடிந்ததா? இல்லை. ஏரியா ஏரியாவாக விற்க வேண்டும். சினிமாக்காரர்கள் தமிழ்நாட்டை மாவட்டமாகப் பார்ப்பதில்லை, ஏரியாவாகத்தான் பார்ப்பார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது "என்.எஸ்.சி." ஏரியா. மாவட்டங்கள் பிரிந்து பெயர் மாறிய பிறகும் சினிமா வியாபாரத்தில் செங்கல்பட்டு ஏரியா என்ற பேச்சு போகவில்லை. பிலிம் காலத்தில் வினியோகஸ்தர் கொடுக்கும் பணம் வந்தால்தான் லேப் பாக்கியைக் கட்டி பிரிண்ட் எடுக்க முடிந்தது. பாக்கி நின்றால் பெட்டி தியேட்டருக்குப் போகாமல் நின்றது.

காஷ்மீரும் ஆஸ்பத்திரியும்

பிறகு "சித்ராலயா" என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதல் படம் 1961-ல் வந்த "தேன் நிலவு". ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா உள்பட ஒரு குழுவையே காஷ்மீருக்கு அழைத்துப் போனார். படமோ கறுப்பு வெள்ளை! பாட்டுகள் பிரபலம் ஆன அளவுக்கு படம் போகவில்லை.

அடுத்த படத்தில்தான் அவருடைய பட அதிபர் மூளை வேலை செய்தது. காஷ்மீரும் இல்லை, பெரிய நட்சத்திரமும் இல்லை. ஒரே ஒரு ஆஸ்பத்திரி செட். முத்துராமன், கல்யாண்குமார், தேவிகா. ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பு முடிந்தது. அதுதான் 1962-ல் வந்து ஊரையே அழ வைத்த "நெஞ்சில் ஓர் ஆலயம்". இந்தியிலும் "தில் ஏக் மந்திர்" என்று 1963-ல் அவரே எடுத்து வெற்றி கண்டார்.

ஓகோ புரொடக்ஷன்ஸ்

1964-ல் "காதலிக்க நேரமில்லை" வந்தது. கலர் படம். முழுக்க முழுக்க சிரிப்பு. ரவிச்சந்திரன், காஞ்சனா புதுமுகங்கள். வசனத்தில் பள்ளித் தோழர் கோபுவின் கை.

இந்தப் படத்தில் நாகேஷ் ஏற்ற வேடம் ஒரு பட அதிபர்! "ஓகோ புரொடக்ஷன்ஸ்" என்று கம்பெனிக்குப் பெயர் இருக்கும். கதை இருக்காது, பணமும் இருக்காது. அப்பா பாலையாவிடம் பணம் கேட்டு நச்சரிப்பார். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் கோடம்பாக்கத்தில் அப்படிப்பட்ட கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் சிரிப்பு அல்ல. பெயர்ப்பலகை மாட்டுவது சுலபம். படத்தை தியேட்டருக்கு அனுப்புவதுதான் கஷ்டம்.

1965-ல் "வெண்ணிற ஆடை". ஜெயலலிதாவை தமிழ்ப்பட கதாநாயகி ஆக்கியது இந்தப் படம்தான்.

கடன் கழுத்தை நெரித்தது

1969-ல் "சிவந்த மண்". சிவாஜி கணேசன் கதாநாயகன். ஐரோப்பாவுக்கே போய்ப் படம் பிடித்தார். பிரமாண்டமான செட்டுகள். செலவும் பிரமாண்டம். இந்தியில் "தர்த்தி" என்றும் எடுத்தார்.

அதன்பிறகு காலம் மாறியது. 1971-ல் "அவளுக்கென்று ஓர் மனம்", 1973-ல் "அலைகள்". எதிர்பார்த்த வசூல் இல்லை. சிவாஜியை வைத்து "ஹீரோ 72" என்று ஒரு படம் தொடங்கினார். 72-ல் வர வேண்டிய படம் 1975-ல்தான் வந்தது. பெயரையும் "வைர நெஞ்சம்" என்று மாற்ற வேண்டியதாயிற்று. படம் தூங்கலாம், வட்டி தூங்குமா? கல்யாணப்பரிசு கொடுத்தவர் கடன்காரர் ஆனார்.

கைகொடுத்தார் எம்.ஜி.ஆர்.

இந்த நேரத்தில் அவர் போய் நின்ற இடம் எம்.ஜி.ஆரிடம். போவது லேசான காரியம் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பு எம்.ஜி.ஆரை வைத்து "அன்று சிந்திய ரத்தம்" என்ற படத்தைத் தொடங்கி பாதியில் நின்றுபோன கசப்பு இருந்தது. அதையெல்லாம் மனதில் வைக்காமல் எம்.ஜி.ஆர். கால்ஷீட் கொடுத்தார். 1974-ல் "உரிமைக்குரல்" வெளிவந்து வசூலைக் குவித்தது. ஸ்ரீதர் தலை நிமிர்ந்தார்.

பட அதிபருக்கு பணத்தைவிட பெரிய முதல் எது என்பதை இந்த ஒரு படம் காட்டிவிட்டது. பேச்சு அறுந்த இடத்திலும் போய் நிற்கத் துணிச்சல் வேண்டும். கேட்கும்போது எதிரில் இருப்பவருக்கு நம்பிக்கை வர வேண்டும்.

1978-ல் கமல்ஹாசன், ரஜினிகாந்த் இருவரையும் வைத்து "இளமை ஊஞ்சலாடுகிறது" கொடுத்தார். கடைசிப் படம் 1991-ல் விக்ரம் நடித்த "தந்துவிட்டேன் என்னை". பிறகு நோய் அவரை முடக்கியது. 2008 அக்டோபர் 20-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 75.

இன்றைக்கும் நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து படம் எடுக்க சென்னைக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. காஷ்மீர் போன ஸ்ரீதரை மட்டும் அவர்கள் நினைத்தால் போதாது. ஒரே செட்டில் ஒரு மாதத்துக்குள் படத்தை முடித்த ஸ்ரீதரையும், 72 என்று பெயர் வைத்த படத்தை 75 வரை சுமந்த ஸ்ரீதரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மாமல்லபுரத்தில் அடுத்த தடவை படப்பிடிப்பு பார்க்கப் போனால், காருக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்த்து நிற்பவரையும் ஒரு தடவை பாருங்கள்.