கம்பங்களுக்கு நடுவே நின்ற ஆறுமுகம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மாமா வைத்திருக்கும் பூக்கடையில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. நான் பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் இரண்டாம் கோல் காவலர். மூன்று மாதங்கள் பயிற்சி செய்து காத்திருந்த போட்டி, தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது இரத்தாகிவிட்டது. இனி கையுறைகளை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று மாமாவிடம் புலம்பினேன். சரம் கட்டிக்கொண்டிருந்த அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆர். ஆறுமுகத்தைத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

பெயர் தெரியும். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் வரும் கோல் காவலர் அவரை நினைவுபடுத்தும் பாத்திரம் என்பதும் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆறுமுகம் 1953 ஜனவரி 31-இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக இருந்தவர். நீண்ட கைகளுக்காகவும் பாய்ச்சலுக்காகவும் ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஸ்பைடர்மேன்'. 1974-இல் தெஹ்ரான் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற அணியிலும், 1977, 1979 சீ விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற அணிகளிலும் அவர் இருந்தார்.

மாமா தீவிரப் பினாங்கு ரசிகர். 1974-இல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்றது. ஆனால் 1975, 1976, 1978, 1979 என நான்கு முறை சிலாங்கூர் தூக்கிச் சென்றது. சிலாங்கூர் சட்டையைக் கண்டாலே மாமாவுக்கு ஆகாது. ஆறுமுகத்துக்கு மட்டும் விலக்கு!

அவரைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. 'சூப்பர்மோக்' என்று நாடே கொண்டாடிய மொக்தார் டஹாரியும் அதே 1953-இல் பிறந்தவர்; அதே சிலாங்கூர் அணியில் ஆடியவர். ஆக, நாட்டின் மிக வலுவான உதைகளை ஆறுமுகம் எதிரணியிடம் சந்திக்கும் முன்பே பயிற்சித் திடலில் சந்தித்திருப்பார்.

எங்கள் பயிற்றுநர் வாரம் இருமுறை கொடுக்கும் பயிற்சியும் இத்தகையதுதான். தாக்குதல் ஆட்டக்காரர் பந்துடன் ஓடி வருவார். இரண்டு மீட்டர் பின்னால் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் துரத்துவார். மூன்று விநாடிக்குள் பந்தை உதைத்தாக வேண்டும். கோல் காவலர் ஒரு கம்பத்தைத் தொட்டுவிட்டு ஓடிவந்து நிற்க வேண்டும். இருவருக்கும் மூச்சு வாங்கும் நேரத்தில்தான் உதை வரும்.

கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். 11 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால், பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் கோட்டை அடைந்துவிடும். கோட்டிலேயே நின்றால், உதைப்பவருக்கு இருபக்கமும் அகலமான வழி தெரியும். இரண்டு மூன்று அடி முன்னால் வந்தால் அந்த வழி சுருங்கும். அளவுக்கு மீறி வந்தால் பந்து தலைக்கு மேல் போய்விடும். உதைக்கும் கணத்தில் கால்கள் இரண்டும் தரையில் இருக்க வேண்டும். நான் அடிக்கடி செய்யும் தவறு, முன்கூட்டியே ஒரு பக்கம் விழுவது. எந்தப் பக்கம் உதைப்பது என்ற கவலையை அவரிடமிருந்து நானே எடுத்துவிடுகிறேன். விழாமல் காத்திருந்தால், முடிவெடுக்கும் பதற்றம் அவருடையதாகிறது.

அந்தப் பதற்றத்தின் உச்சத்தை ஆறுமுகம் 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் கண்டார். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று இறுதியாட்டம்; எதிரணி தென்கொரியா. குழு ஆட்டத்தில் அதே அணியை மலேசியா 3-0 என்று வென்றிருந்தது. ஆகவே கொரியர்கள் பழிதீர்க்கும் வேகத்தில் வந்தார்கள். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, மலேசியா 2-1 என்று வென்றது. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என்று எல்லா இனத்தவரும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. அப்போது மாமாவுக்குப் பன்னிரண்டு வயது. நம்ம ஆள் கோலில் நிற்கிறார் என்று தெருவெங்கும் சொல்லித் திரிந்தாராம்.

ஆனால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நமது இடத்தில் ஈராக் ஆடியது. இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி மீண்டும் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

என் போட்டி இரத்தானதை இதோடு ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு கைநழுவிய பிறகும் ஆறுமுகம் தொடர்ந்து கோல் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றார். 1988 டிசம்பர் 15-இல் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35 மட்டுமே. ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, எதிரணி ரசிகரான ஒரு பூக்கடைக்காரர், கைவிட நினைத்த ஒரு பையனிடம் சொல்வதற்கு அவர் பெயரைத்தான் தேர்ந்தெடுத்தார்.

நண்பர்களே, நீங்கள் தயாரான தேர்வோ போட்டியோ தள்ளிப்போயிருக்கலாம். பயிற்சி வீணாகிவிட்டதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கையுறைகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையே திடலுக்குப் போனேன். பன்னிரண்டு உதைகளில் ஏழு உள்ளே போயின. ஆனால் ஒரு முறைகூட முன்கூட்டியே விழவில்லை.