சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

ஆண்டுதோறும் பி.எட். பயிலும் ஆசிரியைகள் நம் பள்ளிக்குப் பயிற்சிக்காக வருவதை அனைவரும் அறிவோம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிற்கு வந்த ஒருவர் முதல் நாள் கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கி, சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். கடைசி பெஞ்சில் அவருடைய பேராசிரியை நோட்டும் பேனாவுமாக அமர்ந்திருந்தார். நாங்கள் சிரித்துவிட்டோம். பயிற்சி முடிந்து அவர் விடைபெற்றபோது அழுதவர்களும் நாங்கள்தாம். நடுங்கிய கையுடன் வந்தவர் நிமிர்ந்த தலையுடன் சென்றதை எண்ணும்போது, சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் வரலாறு எங்கள் நினைவிற்கு வருகிறது.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர், பொதுப்பணித் துறையில் பொறியாளர், தாயார் விசாலாட்சி. ஒன்பது வயதிலேயே அரசுத் தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினார். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணமாகி, சிறிது காலத்திலேயே கணவரையும் இழந்தார். நம்மைவிட இளையவர்! கைம்பெண் எதிரே வந்தாலே அபசகுனம் என்று கருதிய காலம் அது. பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தனர். பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியிலும் அவர் பயின்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் எந்தத் துறவற சபையிலும் சேரவில்லை, இந்து சமயத்திலேயே வாழ்ந்தார். ஆயினும் அனைவரும் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் இந்துக் கைம்பெண் ஒருவர் பட்டதாரியானது அதுவே முதல் முறை.

அந்நாளில் பெண் ஆசிரியைகள் மிகக் குறைவு. ஆண்கள் பாடம் நடத்தும் பள்ளிக்குப் பெரிய பெண்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மறுபுறம், எத்தனையோ வீடுகளில் இளம் கைம்பெண்கள் அடுப்படியே கதியாகக் காலம் கழித்தனர். இவர்களை ஆசிரியைகளாக்கினால் இரண்டு குறையும் தீருமே என்று அம்மையார் எண்ணினார். எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கைந்து பெண்களுடன் இல்லம் தொடங்கிற்று. பெண் கல்வி அதிகாரியாக இருந்த மிஸ் லிஞ்ச் துணை நின்றார். 1912இல் சாரதா மகளிர் சங்கமும் தோன்றியது.

1917இல் இல்லம் மெரினா கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைப்பதற்காக 1842இல் கட்டிய கட்டடம் அது. அங்கு தங்கிய பெண்கள் அருகிலிருந்த இராணி மேரி கல்லூரிக்குச் சென்று படித்தனர். அக்கம்பக்கத்து மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்காகவும் அம்மையார் பள்ளி நடத்தினார். ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே என்றிருந்ததைப் படித்தபோது எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவி அம்மையாரே. கல்லூரியோடு சேர்ந்தாற்போல் ஒரு பயிற்சிப் பள்ளியும் இருந்தது. இதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆசிரியப் பணியைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது. பாடக்குறிப்பு எழுதி, உண்மையான குழந்தைகளின் முன் நின்று, பிறர் கவனிக்கப் பாடம் நடத்தி, பிழையைக் கேட்டறிந்து, மறுநாள் மீண்டும் நிற்க வேண்டும். கூடத்தில் நாலு பேர் முன் வரவே அஞ்சிய பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! சாக்பீஸ் கீழே விழுந்தால் சிரிக்க அங்கும் எங்களைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள்.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்திற்காகவும் அம்மையார் பாடுபட்டார். 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளி 1956இல் உருவாக அவரே காரணம். அப்போது அவருக்கு வயது எழுபது. 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1969 டிசம்பர் 20ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் தலைமை ஏற்ற கல்லூரி இன்றும் திருவல்லிக்கேணியில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வருகிறது. எங்களுக்குப் பாடம் நடத்திய அந்தப் பயிற்சி ஆசிரியை இப்போது இராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பிற்குக் கணக்கு எடுக்கிறாராம். எங்கள் சிரிப்பிற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம்.