எம்.டி. படிக்க வேண்டியவர் போர்க்களத்துக்குப் போனார்: யார் இந்த டாக்டர் கோட்னிஸ்?

சீன அதிபர் இந்தியா வந்தால் பிரதமரைச் சந்திப்பார், ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும். சில வருகைகளில் கூடவே ஒரு மராத்திக் குடும்பத்தையும் பார்த்ததுண்டு. 2006-ல் ஹு ஜிந்தாவோ பார்த்தார், 2014-ல் ஷி ஜின்பிங் பார்த்தார். அந்த வீட்டுப் பிள்ளை 1938-ல் சீனாவுக்குக் கப்பலேறினார். திரும்பி வரவே இல்லை.

துவாரகாநாத் கோட்னிஸ் 1910-ல் சோலாப்பூரில் பிறந்தவர். பம்பாய் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். அடுத்தது மேற்படிப்பு, அப்புறம் ஒரு நல்ல பிராக்டிஸ். நம்மில் பலர் போடுற அதே கணக்குதான்.

இதற்கிடையில் 1937-ல் ஜப்பான் சீனா மீது முழுப் போர் தொடுத்தது. காயம்பட்டவர்களைக் கவனிக்க டாக்டர்கள் இல்லை. உதவி கேட்டு சீனத் தளபதி சூ தே நேருவுக்கு எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ், 22,000 ரூபாய் திரட்ட மக்களிடம் வேண்டுகோள் வைத்தார். தானே அடிமையாக இருந்த ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு மருத்துவர்களை அனுப்பியது என்பதை இங்கே கவனிக்கணும். 1938 செப்டம்பரில் ஐந்து டாக்டர்கள் பம்பாயிலிருந்து கிளம்பினார்கள். கோட்னிஸுக்கு வயது 27.

1939 தொடக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கிளம்புவதற்கு முன்பே அப்பா இறந்த செய்தி கோட்னிஸுக்கு வந்தது. அப்போதே அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். குழுவில் மற்றவர்கள் ஒவ்வொருவராக நாடு திரும்பினார்கள், கடைசியாக 1943-ல் பாசு. கோட்னிஸ் மட்டும் எட்டாவது பாதைப் படையோடு வட சீனப் போர்முனைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார்.

போர்முனை வேலை எப்படி இருந்தது? 1940-ல் நடந்த ஒரு நீண்ட சண்டையின்போது மூன்று நாள் தூங்காமல் ஆபரேஷன் செய்தார். சீன மொழியை அதிலேயே பாடம் நடத்தும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். கனடாவைச் சேர்ந்த சர்ஜன் நார்மன் பெத்யூன் அதே போர்முனையில் 1939-ல், விரலில் பட்ட ஒரு வெட்டுக்காயம் சீழ்பிடித்து இறந்திருந்தார். அவர் பெயரில் இயங்கிய மருத்துவமனைக்கு 1941 ஜனவரியில் கோட்னிஸ் இயக்குநர் ஆனார்.

அங்கே நர்சிங் சொல்லிக்கொடுத்த குவோ சிங்லானை அதே வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். பெயர் யின்ஹுவா. யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா.

ஆனால் கோட்னிஸுக்கு வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு டாக்டருக்குத் தெரியாதா என்ன? இருந்தும் ஆபரேஷனையும் வகுப்பையும் பாடநூல் எழுதுவதையும் அவர் விடவில்லை. 1942 டிசம்பர் 9-ல், அடுத்தடுத்து வந்த வலிப்பில் இறந்தார். வயது 32. பையனுக்கு நாலு மாசம்கூட ஆகவில்லை.

1946-ல் வி. சாந்தாராம் அவர் கதையைப் படமாக எடுத்து, தானே கோட்னிஸாக நடித்தார். 1962-ல் இரு நாடுகளும் போரிட்டன. அதற்குப் பிறகும் சீனா 1982-லும் இந்தியா 1993-லும் அவருக்குத் தபால்தலை வெளியிட்டன. உறவு கசக்கும்போதும் இரு தரப்பும் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய பெயர் அவருடையது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த குடும்பத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

யின்ஹுவாவும் அப்பா மாதிரியே மருத்துவம் படித்தார். 1967-ல், படிப்பு முடிவதற்குள் இறந்துபோனார். குவோ சிங்லான் பலமுறை இந்தியா வந்து கணவர் வீட்டாரைப் பார்த்துவிட்டுப் போனார். 2012-ல் அவர் காலமானபோது, கோட்னிஸ் இறந்து 70 வருஷம் ஆகப்போகிறது.