தொண்டு செய்தவனுக்கு ஒரு கல்லூரிக் கதவு!

காஞ்சியிலிருந்து மேற்கே, வேலூர் செல்லும் பெருஞ்சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. இராவணனோடு போரிட்டுச் சிறகிழந்து வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த குழி இது என்கிறது தலபுராணம். புராணத்தை நாம் நம்புகிறவர்களல்ல. ஆனால், அதற்குள்ளே பதுங்கிக் கிடக்கும் உலக வழக்கத்தை மறுப்பதற்கில்லை. தொண்டு செய்தது பறவை, கிடைத்தது குழி! செத்தபின் சடங்கு, சடங்குக்குப்பின் கோயில், கோயிலுக்குத் திருவிழா. தொண்டனுக்கு இந்த நாடு தந்துவந்த கூலி இதுதான்.

அதே ஊரில்தான் யாதவப்பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்டதாகச் சொல்வார்கள். ஆசான் சொன்ன பொருளை மாணவர் மறுத்தார், படிப்பு முறிந்தது. தொண்டனுக்குக் குழி, கேள்வி கேட்டவனுக்குக் கதவடைப்பு! இந்த இரண்டையும் மாற்றிக் காட்டிய ஒருவர், சில கல் தொலைவிலே, காஞ்சி நகரிலே, நெசவாளர் மரபிலே பிறந்தார். பேரறிஞர் அண்ணாவைத்தான் சொல்கிறோம், தோழர்களே!

1909 செப்டம்பர் 15-இல் பிறந்தார் அண்ணா. தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். பள்ளிப் படிப்பை இடையிலே நிறுத்தி, காஞ்சி நகராட்சியில் எழுத்தராக உட்கார வைத்தது குடும்ப வறுமை. அந்த நாற்காலியிலேயே அவர் ஒட்டிக்கொண்டிருந்தால் நமக்கு ஓர் எழுத்தர் கிடைத்திருப்பார். ஓர் இயக்கம் கிடைத்திருக்காது. மீண்டும் புத்தகம் எடுத்தார். பச்சையப்பன் கல்லூரியிலே பயின்று, 1934-இல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். 

பட்டம் பெற்றவர் பதவி தேடிப் போகவில்லை. பெரியாரைத் தேடிப் போனார். மேடை, ஏடு, சிறை, நாடகம் என்று நடந்தார். 1942-இல் காஞ்சியிலே திராவிட நாடு ஏட்டைத் தொடங்கினார். 1949 செப்டம்பர் 17-இல் கழகம் கண்டார். 1953-இல் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கி, நெசவாளர் வீட்டில் அடுப்பு அணைந்தபோது, துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்கக் கிளம்பியது கழகம். முன்னே நடந்தவர் அண்ணா. தறியின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவருக்குத் தறி நின்றுபோன வீட்டின் அமைதி எவ்வளவு கொடியது என்பது தெரியும். 1957-இல் சட்டமன்றம், 1962-இல் மாநிலங்களவை, 1967 மார்ச் 6-இல் முதலமைச்சர்!

மறு ஆண்டு, 1968-இல், அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. சப் பெல்லோஷிப் என்பது அதன் பெயர். அது தேர்வு எழுதிப் பெறும் பட்டமன்று. பொதுவாழ்விலே உழைத்தவரை அழைத்து, விருந்தினராகத் தங்க வைத்து, மாணவரோடும் பேராசிரியரோடும் உரையாடச் செய்யும் சிறப்பு. காஞ்சியிலே பள்ளிப் படிப்பு தடைப்பட்ட பையன், கடல் கடந்த கல்விக்கூடத்திலே தொண்டின் பேராலே அமர்ந்தார். அங்கே அவரை அழைத்துச் சென்றது பிறப்பா? பணமா? இல்லை, உழைப்பு!

அந்த அண்ணாதான் ஆட்சியில் இருந்தபோது சீரணி என்ற தொண்டர் படையைக் கண்டார். சாலை போட, குளம் வெட்ட, ஊரைச் சீர்செய்ய இளைஞர்களை அழைத்தார். கடற்கரையில் அந்தப் பெயர் தாங்கி நின்ற சீரணி அரங்கம் 2003-இல் இடிக்கப்பட்டது. ஆனால், அரங்கத்தை இடித்தவர்களால் எண்ணத்தை இடிக்க முடியாது. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நாட்டு நலப்பணித் திட்டம் இந்தியக் கல்லூரிகளில் தொடங்கியது. இரண்டாண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்த மாணவனுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழோடு சரி!

அமெரிக்கா என்ன செய்தது? கென்னடி 1961-இல் அமைதிப் படை அமைத்து, இளைஞர்களை ஏழை நாடுகளுக்குத் தொண்டுக்கு அனுப்பினார். 1976 வரை அவர்கள் இந்தியாவிலும் பணிபுரிந்தார்கள். தொண்டு முடித்துத் திரும்பியவர்களைக் கைகுலுக்கி அனுப்பிவிடவில்லை. 1985-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி, அவர்கள் மேற்படிப்புப் படிக்க உதவித்தொகைத் திட்டம் வகுத்தது. நியூயார்க் பள்ளிகளிலே பாடம் சொல்லிக்கொண்டே பட்டம் பெறலாம். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதிலே சேர்ந்தன. கட்டணத்தில் சலுகை, கையிலே தொகை. பதிலுக்கு, படிக்கும் காலத்திலே ஏழை மக்கள் வாழும் பகுதியிலே பணி. தொண்டு படிப்பைத் தந்தது. படிப்பு மீண்டும் தொண்டாயிற்று.

இந்த ஏற்பாடு இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறோம். காஞ்சிப் பட்டு நெசவைப் பாருங்கள். குழித்தறியிலே, குழிக்குள் காலை விட்டு அமர்ந்து நெய்கிறார் தந்தை. கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. கரைக்கு நாடா எறிய இன்னொருவர் வேண்டும். மகளோ மனைவியோ அந்தத் துணை. அந்த மகள் பட்டதாரி என்று வையுங்கள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையிலே, கொரோனாவால் படிப்பிழந்த பிள்ளைகளுக்கு மாலைதோறும் பாடம் சொன்னார்கள் இத்தகைய பெண்கள். தறியை விட்டுத் தெருப் பிள்ளைகளிடம் போன ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு நட்டம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டு பொழுதுபோக்கு; இவளுக்குத் தொண்டு தியாகம்! தியாகத்தின் முடிவிலே மேற்படிப்பு இல்லையென்றால், நாளை தொண்டு செய்ய யார் வருவார்? வசதியுள்ளவர் மட்டுமே வருவர். அந்தத் தொண்டும் மேல்தட்டின் சொத்தாகிவிடும்.

கூலி வாங்கினால் அது தொண்டாகுமா என்று சிலர் கேட்பர். விளைந்த நிலத்துக்கு எரு இடுவது கூலியா? அடுத்த விளைச்சலுக்கு வழி! தகுதி, திறமை என்று வேறு சிலர் கூக்குரலிடுவர். இரண்டாண்டு மாலைப்பொழுதைத் தெருப் பிள்ளைகளுக்குத் தந்தவளின் தகுதியை எந்த நுழைவுத்தேர்வு அளக்கும்?

ஆகவே கிளைக்கழகத் தோழர்களே, தீர்மானம் இயற்றுங்கள். இரண்டாண்டு தொண்டு செய்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லா மேற்படிப்பு. படிக்கும் நாளில் உதவித்தொகை. வயது வரம்பு கூடாது. பதிலுக்கு, படிக்கும் காலத்திலே ஒரு சிற்றூரிலே பணி. சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. அண்ணாவுக்குத் திறந்த கதவைத் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கும் திறந்துவிடுவதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி!