ஸ்ரீ அரவிந்தர் என்னும் ஆசான்

நம் போர்ட் பிளேர் சிறைக்கூடத்தைக் காணுந்தோறும் நாம் நினைக்கும் தியாகிகளுள் பாரீந்திர குமார் கோஷ் ஒருவர். அலிப்பூர் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர் அது ஆயுள் தண்டனையாக மாற, 1920 வரை இத்தீவில் வாடியவர். அதே வழக்கில் ஓராண்டு சிறையிருந்து, 1909 மே மாதம் விடுதலை பெற்றவர் அவர்தம் தமையனார் ஸ்ரீ அரவிந்தர்.

1872 ஆகஸ்ட் 15ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த அரவிந்தர், ஏழு வயதில் இங்கிலாந்து சென்றார். கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் தேர்ந்தார். தாந்தேயின் காவியத்தை மூலத்திலேயே படிக்க இத்தாலிய மொழியும் பயின்றார். தாய்மொழியாம் வங்காளத்தை நன்கு கற்றதோ, 1893இல் தாயகம் திரும்பிய பின்னரே!

1910 ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரி அடைந்தார். அங்கே அவருடன் வாழ்ந்த இளைஞர் நளினி காந்த குப்தருக்கு மொழிகள் கற்பித்தார். இலக்கண நூலில் தொடங்கவில்லை. இலத்தீனுக்கு வர்ஜில், இத்தாலியத்துக்குத் தாந்தே என நேரே காவியத்திலேயே புகுத்தினார். தாந்தே இலத்தீனை விடுத்துத் தம் தாய்மொழியில் பாடிய அந்நூல் நூறு படலங்கள் கொண்டது. அதில் தாந்தேயை நரகத்தினூடே அழைத்துச் செல்லும் வழிகாட்டியும் வர்ஜில் புலவனே.

1950 டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார்.

நம் குழந்தைகளிற் பலர் தெருவில் இந்தியே பேசுகின்றனர். எழுத்துக் கூட்டப் பழகியபின் கம்பனைக் காட்டலாம் என்று நாம் காத்திருக்கிறோம். காத்திருக்க வேண்டுவதில்லை. நாளொரு பாட்டும், அருகிருந்து பொருள் சொல்ல ஒரு பெரியவரும் போதும். இவை எவ்வீட்டிலும் இயலும்.