மென்குரலில் ஒரு வாழ்வு: கு.ப. ராஜகோபாலன்

தமிழ்ச் சிறுகதை உலகில் உரத்த குரல்களுக்குக் குறைவில்லை. அங்கதத்தால் சமூகத்தை உலுக்கியவர் புதுமைப்பித்தன். அதே 'மணிக்கொடி'க் காலத்தில், செவி சாய்த்தால் மட்டுமே கேட்கும் மென்குரலில் எழுதியவர் கு.ப.ரா. எளிதில் புண்படும் மனம், தனிமை நாட்டம், விட்டுக்கொடாத இலட்சியம் ஆகிய மூன்றும் ஒருவரிடம் கூடினால் அவருடைய அன்றாட வாழ்வு எவ்வாறு அமையும் என்பதற்கு அவர் வாழ்ந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளே சான்று. சிறுவாச்சூரில் கூடும் நமக்கு அவரோடு மண்ணின் உறவும் உண்டு. அவருடைய இறுதி இலக்கியப் பணி நமக்கு மேற்கே உள்ள துறையூரின் இதழொன்றில் நிகழ்ந்தது. அந்த இதழை நடத்தியவர் நம் பெரம்பலூர் வட்டாரத்துத் தொண்டமாந்துறையில் பிறந்த திருலோக சீதாராம்.

இளமை

கு.ப.ரா. 1902-ஆம் ஆண்டு கும்பகோணத்தில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். தந்தையாரின் இரயில்வே வேலை காரணமாகப் பள்ளிப் பருவம் திருச்சியில் கழிந்தது. பின்னர்க் கும்பகோணம் கல்லூரியில் பட்டம் பெற்றார். தாகூரின்பால் கொண்ட ஈடுபாட்டால் வங்கமொழி கற்றார். சிறிய, மெலிந்த உருவமும் தாழ்ந்த குரலும் உடைய அவருக்கு ந. பிச்சமூர்த்தியின் நட்பு வாய்த்தது. இவ்விருவரையும் கும்பகோணம் இரட்டையர் என்று இலக்கிய உலகம் அழைத்தது. கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவருக்கு ஒரு நல்ல நட்பு போதும். பிற்காலத்தில் புதுக்கவிதை என்று தழைத்த மரத்துக்கு முதல் நீர் வார்த்த கைகளில் இந்த இருவருடைய கைகளும் உண்டு.

ஒளி மங்கிய நாட்கள்

மதுரைப் பக்கத்து மேலூரில் வருவாய்த் துறையில் அவர் பணியாற்றினார். நிலவரியும் கோப்பும் கணக்கும் அவருக்குச் சோறு தந்தன. முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே கண்புரை நோய் தாக்கியது. பார்வை மங்கியது, வேலையும் போயிற்று. குடும்பத்தோடு கும்பகோணம் திரும்பினார். அந்த இருண்ட நாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். அவரும் பின்னர்ச் சிறுகதையாசிரியராக மலர்ந்தார்.

சிகிச்சைக்குப் பின் பார்வை மீண்டது. ஆனால் அவர் அரசுப் பணிக்கு மீளவில்லை. எழுத்தையே வாழ்வாகக் கொள்வது என்று துணிந்தார். மாதச் சம்பளம் என்னும் நிழலை விட்டு, எழுதினால்தான் அடுப்பெரியும் என்ற வெயிலுக்குள் ஒரு குடும்பத்தலைவர் நடந்தார். அந்த வெயில் மனைவி மக்கள்மேலும் காய்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இலட்சியவாதியின் கணக்கில் வரவு எழுதும் இலக்கிய வரலாறு, அவர் வீட்டாரின் செலவை எழுதுவதில்லை.

பிறருக்காக எழுந்த குரல்

சென்னையில் வ.ரா.வுடன் 'பாரததேவி' இதழில் பணியாற்றினார். வாதங்களில் முந்திக்கொள்ளும் இயல்பு அவருக்கு இல்லை. ஆயினும் 1930-களின் நடுவில், பாரதியார் மகாகவி ஆவாரா என்ற விவாதம் மூண்டபோது அவர் ஒதுங்கி நிற்கவில்லை. கல்கி முதலியோர் ஒருபுறமும் வ.ரா. முதலியோர் மறுபுறமும் நின்ற அந்த வழக்கில், பெ.கோ. சுந்தரராஜன் என்னும் சிட்டியுடன் சேர்ந்து பாரதிக்காக எழுதினார். அக்கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின. பாரதியின் பெருமையை உணர்ச்சிப் பெருக்கால் முழங்காமல், திறனாய்வு நோக்கில் நிறுவ முயன்ற முன்னோடி நூல் அது. அமைதியானவர் வாய் திறக்கும் தருணம் எது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. தம் புகழுக்காகப் பேசாத ஒருவர், தாம் மதித்த கவிஞனுக்காகப் பேசினார்.

சொல்லாமல் சொன்ன கதைகள்

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவர் கதைகளில் பெரிதாக ஒன்றும் நடவாது. 'விடியுமா?' என்னும் கதையில் ஒரு தந்தி வருகிறது. சென்னை மருத்துவமனையில் கிடக்கும் கணவனைக் காண, ஒரு பெண் தன் உடன்பிறந்தவனோடு இரவு முழுவதும் இரயிலில் செல்கிறாள். அச்சமும் நம்பிக்கையும் மாறி மாறி அலைக்கழிக்கும் அந்த இரவே கதை. விடியும்போது முடிவு தெரிகிறது. அலைக்கழிந்த மனமோ விநோதமான ஓர் அமைதி கொள்கிறது. இதனை எழுத, துயரத்தின் அருகில் ஓசையின்றி அமர்ந்திருக்கத் தெரிந்த மனம் வேண்டும்.

'ஆற்றாமை'யில், கணவனைப் பிரிந்திருக்கும் இளம்பெண்ணொருத்திக்கு அடுத்த அறைத் தம்பதியரின் நெருக்கத்தைக் கண்டு எழும் பொறாமையைக் காட்டுகிறார். அவளை அவர் கண்டிப்பதும் இல்லை. அவளுக்காக வாதாடுவதும் இல்லை. ஆண்பெண் உறவையே எழுதுகிறார் என்று அக்காலத்தில் அவர்மேல் குறை கூறினர். பெண்ணுக்கும் உடலும் விழைவும் மனப்புழுக்கமும் உண்டு என்பதைக் கொச்சைப்படுத்தாமல், ஒரு சொல் மிகாமல் எழுதியவரைப் பெண்வாசகர் அவ்வாறு குறை கூற இயலாது. தன் புண்ணை அறிந்த மனமே பிறர் புண்ணை இத்துணை மெல்லத் தொடும். அவருடைய நொய்ய இயல்பு அவருடைய கலைக்குக் கருவியாயிற்று. வசன கவிதைக்கும் இதே செவியால் அவர் வடிவம் தேடினார். அதற்காக வாதாடிக் கட்டுரையும் எழுதினார்.

துறையூர்த் தொடர்பு

உலகப்போர் அச்சம் சென்னையைச் சூழ்ந்த காலத்தில் கும்பகோணம் திரும்பினார். அங்கே தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு ஆகிய இளைஞர்கள் அவரைச் சூழ்ந்தனர். கு.ப.ரா.வின் புனைபெயர்களுள் 'கரிச்சான்' என்பதும் ஒன்று. அதனால்தான் ஆர். நாராயணசாமி தம்மைக் 'கரிச்சான் குஞ்சு' ஆக்கிக்கொண்டார். சங்கம் வைத்தோ கட்டளையிட்டோ அவர் யாரையும் உருவாக்கவில்லை. உடன் இருந்தார், படித்தார், பேசினார்.

1943-இல் துறையூர்க் 'கிராம ஊழியன்' திருலோக சீதாராமின் முயற்சியால் இலக்கிய இதழாக மாறியபோது, கு.ப.ரா. அதன் சிறப்பாசிரியரானார். பெருநகரத்து வசதிகள் ஏதுமற்ற சிற்றூரிலிருந்து தரமான இதழ் வரலாம் என்பதை அவ்விதழ் மெய்ப்பித்தது. ஆனால் காலம் அவருக்கு ஓராண்டும் தரவில்லை. கால்களில் குருதி ஓட்டம் தடைப்பட்டு அழுகல் நோய் கண்டது. கால்களை அகற்ற வேண்டும் என்றனர் மருத்துவர். அவர் அதற்கு உடன்படவில்லை. 1944 ஏப்ரல் 27-ஆம் நாள் மறைந்தார். 'வேரோட்டம்' என்னும் நாவல் முற்றுப்பெறாமல் நின்றது. இதழ்ப்பணியை வல்லிக்கண்ணன் தொடர்ந்தார்.

நிறைவாக

மென்மையானவர்கள் வாழத் தெரியாதவர்கள் என்று உலகியல் கூறும். கு.ப.ரா.வின் வறுமையையும் நோயையும் எண்ணினால் அக்கூற்றை முற்றிலும் மறுக்க இயலாது. ஆயினும் அவர் தம் மென்மையைச் சோம்பலுக்குச் சாக்காக்கவில்லை; கண் மங்கியபோதும் சொல்லி எழுதுவித்தார். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்திலும், மேடை ஏறத் தயங்கிக் கடைசி வரிசையில் கவிதைத்தாளை மடித்து வைத்திருக்கும் இளைஞர் இருப்பர். அவரைத் தேடிச் சென்று அத்தாளை வாங்கிப் படிப்பது நம் கடன். துறையூரில் சீதாராம் செய்ததும் ஏறத்தாழ அதுவே: தாழ்ந்த குரலில் பேசிய ஒருவருக்கு இடம் அமைத்துக் கொடுத்தார்.